ஏறத் தெரிந்த முழங்கால்

ஏறுவதில் சிரமமே இல்லை. சுவர் ஏணியில் பதினான்கு படி, அதற்கு மேல் தகட்டுச் சரிவில் கூரை ஏணி. மூச்சு வாங்காமல் புகைக்கூண்டை எட்டிவிட்டேன். பிரஷ்ஷை உள்ளே விட்டுக் கரியை இடித்துத் தள்ளினேன். வலது முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, ஆறு மாதம் கழித்து முதல் வேலை. ஸ்வீடனின் உமேயோவில் அக்டோபர், கூரைத் தகட்டில் உறைபனி. இடுப்புப் பாதுகாப்புக் கொக்கியை மாட்டவில்லை. திமிர்தான்.

இறங்க, இடது காலைக் கீழே நீட்டினேன். மொத்த எடையும் வலது முழங்காலில். அது மெல்ல மடங்கியிருக்க வேண்டும். பட்டென்று விட்டுவிட்டது. நெஞ்சு படியில் மோதியது. ஏணியைக் கட்டிக்கொண்டேன். பிரஷ் உருண்டு கீழே போனது.

"யோவ் இங்வே! என்னைக் கொல்லப் பாக்குறியா?" கீழிருந்து குன்வோர். பதினாறு வருடமாக என்னோடு கூரை வேலை பார்ப்பவள்.

"கை வழுக்கிடுச்சு."

"கை வழுக்கினா கால் ஏன்யா ஆடுது?"

பிசியோதெரபி சிகிச்சைக்காரி என்னை மெஷினில் உட்கார வைத்தது ஞாபகம் வந்தது. உதைத்தபோது திரையில் கால் பலத்தைக் காட்டும் கோடு நிமிர்ந்து எழுந்தது. மெஷின் காலை மடக்க, நான் தடுத்தபடி விட்டுக்கொடுக்க வேண்டும். அப்போது கோடு நடுங்கிப் படுத்துவிட்டது.

"ஏத்துற பலம் வந்துடுச்சு. தொடைத் தசை இழுபட்டு நீளும்போது மட்டும் மூளை பயந்து கட்டளையைக் குறைக்குது. மெதுவா படி இறங்கிப் பழகுங்க" என்றாள்.

நான் ஏறித்தான் பழகினேன். தினமும் ஐந்து மாடி. இறங்க லிஃப்ட். வேலைக்குப் போகலாமென்று சீட்டுக் கொடுத்த டாக்டரும் "ஏணி ஏறுவீங்களா?" என்றுதான் கேட்டார்.

ஏணியில் நின்றபடி வலது முழங்காலை மறுபடி மடக்கிப் பார்த்தேன். தொடை துடித்தது. கீழே கல் பாவிய முற்றம்.

"ஆபரேஷன் பண்ணின காலை முதல்ல கீழ விடுய்யா!" குன்வோரின் குரலில் கிண்டல் போயிருந்தது. "நல்ல கால் மடங்கட்டும். நான் ஏணியைப் பிடிச்சிருக்கேன்."

வலதைக் கீழே விட்டேன். இடது மடங்கித் தாங்கியது. பக்கத்தில் இடதை வைத்தேன். அப்படியே ஒவ்வொரு படியாக. பாதியில் இடது தொடையும் நடுங்கத் தொடங்கியது. தரையை மிதித்தபோது சட்டை நனைந்திருந்தது.

"அடுத்த வீடு?" என்றாள்.

"நீ ஏறு. ஆபீஸ்ல நானே சொல்லிக்கிறேன்."

அவள் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். நான் ஏணியின் முதல் படியில் ஏறி, வலது காலில் நின்று, மெல்ல மடக்கி எண்ணினேன். மூன்றில் முழங்கால் விட்டுவிட்டது. ஒரு அடி உயரந்தான். கூரையில் வந்த அதே பயம்.

மறுபடி ஏறி நின்றேன்.