அக்கிதான்

புடவையின் ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனைக்கு இடம் தேடினான் கிரண். பக்கத்து வீட்டுக் கோவிந்தப்பாவின் ஸ்கூட்டர்தான் கிடைத்தது. பொம்மசந்திராவுக்கு ஷிஃப்டு போகவேண்டிய வண்டி, அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டி முடிக்கும்வரை தூணாக நின்றது.

மறைப்புக்குள் பெஞ்சில் அம்மா. கூடவே தங்கை மகா மட்டும். வேறு யாரையும் விடக்கூடாது என்பது அம்மாவின் கடைசி உத்தரவு. "அத்திபெலேக்காரங்களுக்குத் தெரிஞ்சா, பொண்ணுக்கும் வரும்னு கல்யாணத்த நிறுத்திருவாங்கடா."

அடுகோடி லைன் வீடுகளைப் பொறுத்தவரை அம்மா யசோதாவுக்கு நடந்தது குடல்வால் ஆபரேஷன். அந்தக் குடல்வால் இடது மார்பில் இருந்தது வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். பிறகு தழும்பிலிருந்து விலாவோடு முதுகுவரை சிவப்பாகக் கொப்புளங்கள் கிளம்பியபோது ஊரே அக்கி என்றது. பானைக்கடைக்காரர் வந்து, முதுகில் மட்டும், காவிக்கல்லைக் குழைத்து அக்கி எழுதிவிட்டுப் போனார். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். உடையவில்லை, கடலைப்பருப்பு மாதிரி கெட்டியாக இருந்தது.

"அக்கி இல்லப்பா. அந்தக் கேன்சரே தோலுக்கு வந்திருக்கு. அபூர்வமா இப்படி வரும்."

அபூர்வமானது எதுவும் அதுவரை அவர்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

ஆட்டோ வந்து நின்றது. அத்திபெலே காந்தா, மகாவின் வருங்கால மாமியார், இறங்கினாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கிரண் வேண்டுமென்றே தாமதமாகத்தான் சாவுச் செய்தி சொல்லியிருந்தான். அவள் வேண்டுமென்றே சீக்கிரம் வந்திருந்தாள்.

"சின்னப் பொண்ண தனியா விட்டுட்டு எல்லாரும் வேடிக்க பாக்குறீங்களா?"

"அக்கி, அத்தை. ஒட்டிக்கும்."

"உன் தங்கச்சிக்கு ஒட்டாதா?"

இதற்கு அவன் தயாராகியிருக்கவில்லை. "அவளுக்கு... சின்ன வயசுலயே வந்துருச்சு."

"எனக்கு ரெண்டு தடவ வந்துருக்கு. நகரு."

"சம்பந்தியம்மா ஊத்தாம வேற யாரு ஊத்துவா?" என்றது லைன் வீடு.

காந்தா புடவையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஸ்கூட்டர் ஆடியது. கிரண் பிடித்துக்கொண்டான்.

உள்ளே சொம்புச் சத்தம் நின்றது. மகா ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று காத்திருந்தான். பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். கோவிந்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்ததற்கு வெட்கப்பட்டு வானத்தைப் பார்த்தார்.

மறைப்புக்கு மேலே காந்தாவின் தலை தெரிந்தது.

"காவிக்கல் மீதி இருக்கா?"

ஓடி எடுத்துவந்தான். வாங்கியவள் அவன் கையை விடவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கக்காவுக்கும் இதே அக்கிதான் வந்துச்சு. மார எடுத்த மறு வருஷம்."

அவன் வாயைத் திறந்தான். அவள் அவனைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"யாரும் கிட்ட வராதீங்கம்மா! அக்கிதான். எழுதுனவன் அரகொறையா விட்டுருக்கான்."

தலை மறைந்தது. கல்லைத் தரையில் இழைக்கும் சத்தம் வந்தது.

"அழாத மருமகளே. சொம்பப் பிடி."

கொஞ்ச நேரத்தில் புடவைக்கு அடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் வந்தது. கோவிந்தப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். ஸ்கூட்டர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, கிரணின் கால்விரல்களுக்கு இடையில் புகுந்து, தண்ணீர் சாக்கடைக்குப் போனது. காற்றே இல்லை. அவன் ஸ்கூட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.