கடைசி வரியில் ஒருவர்

"ரூலர் அக்கா, வருபவர்னு ஒருத்தர் இருக்காரே, அவர் யாரு?"

காலை ஒன்பது மணி. அக்கா இன்னும் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, கல்லூரி முதல்வர் கையில் ஒரு கட்டுத் தாளோடு அலுவலகத்துக்குள் வந்து நின்றார். எப்போதும் ஆளனுப்பிக் கூப்பிடுகிறவர் தானே நடந்து வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிசுதான். அக்கா கைப்பையை வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முதல்வரின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

தாளில் கல்லூரியின் மொத்த மாணவர் பட்டியல். முப்பத்தெட்டு வகுப்புகள். அவற்றில் முப்பத்தொரு வகுப்புகளில் கடைசி மாணவருக்கு ஒரே பெயர்: வருபவர். சான்றிதழ் எண் என்ற கட்டத்தில் வரிசையாகச் சைபர்கள். வந்த நாட்கள், அதுவும் சைபர். கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்தலாமா என்று முடிவு செய்யும் ஆய்வுக் குழு பதினொரு மணிக்கு வரவிருந்தது. இந்தப் பட்டியலை முந்தின நாளே வாங்கிப் படித்துவிட்டு, போலிச் சேர்க்கை பற்றி விளக்கம் தேவை என்று ஒற்றை வரி எழுதி அனுப்பியிருந்தார்கள்.

"நான்தான் சார் போட்டேன்," என்றாள் அக்கா. "இந்தப் புதுக் கம்ப்யூட்டர் வெறும் வரிய ஒத்துக்க மாட்டேங்குது. பேர் போடு, பேர் போடுன்னு உசுர எடுத்துச்சு. சரி, போட்டுத் தொலைப்போம்னு போட்டேன்."

முதல்வர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த வெறும் வரி கல்லூரியோடு பிறந்தது. நாடு புதிதாகத் தன் காலில் நின்றபோது தொடங்கிய தேசியக் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. தொடங்கியவர்கள் எழுதிவைத்த முதல் விதி, மாடிப்படித் திருப்பத்துச் சுவரில் இன்றும் இருக்கிறது: 'கற்க வருபவர் எவரையும் வாசலில் நிறுத்தாதே.' சுவரில் எழுதியதோடு அவர்கள் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி நாற்காலியைக் காலியாக வைத்தார்கள். வருகைப் பதிவேட்டில் கடைசி வரிக்குச் சிவப்பு மையில் கோடிழுத்து, பெயரில்லாமல் விட்டார்கள். தெருவிலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து அந்த நாற்காலியில் உட்காரலாம். பாடம் எடுப்பவர் பெயரைக் கேட்டுச் சிவப்பு வரியில் எழுதிக்கொள்வார், வேறு எதுவும் கேட்கக் கூடாது. மூன்று வருடம் தாக்குப்பிடித்துத் தேர்விலும் தேறிவிட்டால், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே பட்டம் அவருக்கும்.

இருபத்தேழு வருடமாக அந்தக் கோடுகளை இழுப்பது அக்காதான். விளிம்பெல்லாம் சிவந்துபோன ஒரு மர ரூலர் எந்நேரமும் கையில் இருப்பதால் வந்த பெயர் அது. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

"குழு கேட்டா, டைப் அடிக்கிறப்ப வந்த தப்புன்னு சொல்லிடுங்கக்கா," என்றார் முதல்வர். "நீங்க சொன்னா விஷயம் அதோட முடிஞ்சுது."

"அப்ப அந்த வரி?"

"பல்கலைக்கழகம் ஆனப்புறம் சான்றிதழ் இல்லாம ஒருத்தரையும் சேர்க்க முடியாதுக்கா. முதல் விதிய நான் ஒண்ணும் தூக்கிப் போடல. விண்ணப்பத்துல சரித்திரப் பகுதியில பெருசா போட்டிருக்கேன்."

"சரித்திரத்துல நாற்காலி போட்டு உட்கார முடியாதே சார்."

அவர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். கெட்டவர் இல்லை. இதே கல்லூரியில் படித்தவர். பதினோரு வருடமாக இந்த விண்ணப்பத்தைத் தோளில் சுமந்து அலைகிறார். எங்கோ தொலைவில் இருக்கும் பல்கலைக்கழகம் அனுப்பும் பாடத்தைத்தான் இங்கே நடத்த வேண்டும், அங்கிருந்து வரும் கேள்வித்தாளைத்தான் பிரிக்க வேண்டும். ஆராய்ச்சி செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் ஊரைவிட்டே போக வேண்டும். இதெல்லாம் மாறப் போகிறது என்பதில் அக்காவுக்கும் சந்தோஷம்தான். பதினோரு தடவையும் விண்ணப்பத்தை அச்செடுத்து நூல் போட்டுக் கட்டியவள் அவளே. ஆனால் புதிய குறிக்கோள் என்று இந்தத் தடவை முதல் பக்கத்தில் போட்டிருந்ததைப் படித்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத் தரம், புத்தாக்கம், மேன்மை. சோப்பு டப்பா மேல் ஒட்டினாலும் பொருந்தும்.

ரிட்டையர் ஆக இரண்டு வருடம்தான் பாக்கி. வீட்டுக்காரர் கேட்டால், "உனக்கெதுக்கு வம்பு, வாய மூடிக்கிட்டு கையெழுத்தப் போட்டுட்டு வா" என்பார். நியாயமான பேச்சுதான். அக்கா அதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, எழுந்து போய் பழைய பதிவேடுகள் இருந்த இரும்பு அலமாரியை இழுத்தாள். திறக்கவில்லை. சாவி தொலைந்து நாலு வருடம் ஆகிறது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நல்ல வேளையாக, கல்லூரிக்கு எதிரே சாவி வெட்டும் கடை வைத்திருப்பவர் மாடியிலேயே இருந்தார். மூன்றாம் வருடக் கணித வகுப்பில், கடைசி நாற்காலியில். அந்த நாற்காலிக்கு ஆள் வந்திருந்த ஏழு வகுப்புகளில் அதுவும் ஒன்று. வயது நாற்பத்தாறு. பள்ளியை ஆறாவதோடு விட்டவர். அக்கா வகுப்பு வாசலில் நின்று கையாட்டியதும் நோட்டை மூடிவிட்டு இறங்கி வந்தார்.

"நம்ம வரிய எடுக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்களேக்கா, நெசமா?" பூட்டுக்குள் கம்பியை விட்டுத் திருப்பியபடி கேட்டார். "எனக்கு இன்னும் ரெண்டே பரீட்சைதான் பாக்கி."

"முதல்ல பூட்டத் திறங்க தம்பி."

பூட்டு திறந்தது. அவர் கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறினார்.

குழுவில் இரண்டே பேர். தலைவி அறுபது தாண்டியவர், அதிகம் பேசாதவர். கூட வந்தவர் புள்ளிவிவரத்துக்கென்றே பிறந்த மாதிரி இருந்தார். நீண்ட மேசையின் மறுகோடியில் முதல்வர் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"முப்பத்தோரு பேர் ஒரு நாள்கூட வகுப்புக்கு வரல. ஆனா பட்டியல்ல இருக்காங்க," என்றார் புள்ளிவிவரக்காரர். "இது எப்படி வந்துச்சு?"

முதல்வர் அக்காவைப் பார்த்தார். "டைப்பிங்ல ஒரு சின்னத் தப்பு," என்று தொடங்கி, மீதியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துவிடலாம்.

"தப்பு இல்லீங்க," என்றாள் அக்கா. குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று மேலே பேசினாள். "அவங்க இன்னும் வரல. அதான் பேர் இல்ல. நாற்காலி இருக்கு."

மடியில் வைத்திருந்த பதிவேடுகளை மேசைமேல் பரப்பி, சிவப்பு வரிகளைக் காட்டினாள். முதல்வரின் முகத்தில் ஈயாடவில்லை. புள்ளிவிவரக்காரர் மட்டும் பக்கங்களைப் புரட்டினார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"இதுவரைக்கும் எத்தனை பேர் இந்த வரியில சேர்ந்தாங்க?"

"நான் வந்ததுலேருந்து இருநூத்திப் பன்னெண்டு."

"பட்டம் வாங்கினவங்க?"

"அறுபத்தொண்ணு."

"மூணுல ஒரு பங்குகூட இல்ல. உங்க தேர்ச்சி விகிதத்தையே இது கீழ இழுக்குதும்மா. ஒரு பல்கலைக்கழகம் இதையெல்லாம் ஏன் சுமக்கணும்?"

அக்காவுக்குப் பாதியில் நின்றவர்களின் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. பேக்கரியில் வேலை நேரம் மாறிவிட்டது என்று நின்றவர், குழந்தை பிறந்து நின்றவள், ஒரே ஒரு மாதம் வந்து, பூமி எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டது போதும் என்று கும்பிட்டுவிட்டுப் போன கொத்தனார். அவர்களுக்குப் பின்னால், எப்போதும்போல, இன்னொருத்தி நின்றாள்.

"கணக்குல இருநூத்திப் பதிமூணு வந்திருக்கணும்," என்றாள் அக்கா. "நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். நல்ல மழை. ஒரு பொண்ணு குடைய மடக்கிக்கிட்டே வந்து, இங்க உட்கார்ந்து கேட்கலாமாமே, எங்க போகணும்னு கேட்டா. எனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. சான்றிதழ் எங்கேன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாம குடைய விரிச்சுக்கிட்டுப் போயிட்டா. மறுநாள் அப்ப இருந்த முதல்வர்கிட்ட சொன்னேன். அவர் திட்டக்கூட இல்ல. ஒரு ரூலரையும் சிவப்புப் பேனாவையும் குடுத்து, இனிமே நீங்களே கோடு போடுங்கன்னார்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு பேரு எனக்குத் தெரியாது. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க வரிய எடுக்கறதா இருந்தா நான் தடுக்க முடியாது. ஆனா தப்பா போட்டேன்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன்."

முதல்வர் பேனாவைக் கீழே வைத்தார். தலைவி ஒரு பதிவேட்டை இழுத்து, சிவப்பு வரி ஒன்றின் மேல் விரலை வைத்து நகர்த்தினார்.

"ஏதாவது ஒரு வகுப்பப் பார்க்கலாமா? யாரும் கூட வர வேண்டாம்," என்றார்.

அவர் படியேறிப் போவதை அக்கா கதவோரம் நின்று பார்த்தாள். மாடிப்படித் திருப்பத்தில் சுவரெழுத்தின் முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு கண்ணில் பட்ட முதல் வகுப்புக்குள், முதல் வருட வரலாற்று வகுப்புக்குள் நுழைந்தார். பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார் என்று முதல்வர் தேநீர் சொல்லிவிட்டிருந்தார். தேநீர் ஆறிப்போனது. மணி அடித்து, பிள்ளைகள் வெளியே வந்த பிறகே தலைவியும் வந்தார். முடிவு எழுத்தில் வரும் என்று மட்டும் முதல்வரிடம் கூறிவிட்டுக் காரில் ஏறினார். புள்ளிவிவரக்காரர் பதிவேடுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு போனார்.

முதல்வர் அக்காவின் மேசையருகே வந்து நின்றார். கோபித்துக்கொள்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

"பதினோரு வருஷம்க்கா," என்றார்.

"தெரியும் சார். கிடைக்கலைன்னா பன்னெண்டாவது தடவையும் நானே கட்டித் தர்றேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "அப்படின்னா முதல் பக்கத்தையும் மாத்தி அடிச்சு வைங்க. அந்த விதி அங்கயே இருக்கட்டும்." சொல்லிவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் நடந்தார்.

நாலு மணிக்கு வகுப்புகளிலிருந்து பதிவேடுகள் இறங்கி வந்தன. அன்றைய வருகையை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அக்காவின் கடைசி வேலை. முதல் வருட வரலாற்றைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிவப்பு வரியில் புதிதாக ஒரு பெயர் இருந்தது. பாடம் எடுத்த விரிவுரையாளர் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது. அவளுக்குக் குழுவையும் தெரியாது, தலைவியையும் தெரியாது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவரிடம், சொல்லிக்கொடுத்தபடியே பெயரை மட்டும் கேட்டு, பிசகாமல் எழுதி, வந்ததற்கு ஒரு கோடும் போட்டிருந்தாள். பெயருக்கு முன்னால் பதவி இல்லை, பின்னால் பட்டமில்லை.

அக்கா வருபவர் என்ற சொல்லை அழித்துவிட்டு அந்தப் பெயரை அடித்தாள். இன்னும் முப்பது பேர் வர வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டது: சான்றிதழ் எண்? வழக்கம்போலச் சைபர்களைப் போடக் கை போனது. வந்து உட்கார்ந்த ஒரு ஆளுக்குச் சைபர் போட மனம் வரவில்லை. ஏற்கெனவே சைபர் போட்டுவைத்த சாவிக்காரரின் வரியையும் திறந்து, அதையும் அழித்தாள்.

இரண்டு வெற்றுக் கட்டங்கள் திரையில் விட்டுவிட்டு மின்னின. மின்னட்டும் என்று விட்டுவிட்டு, அவள் அடுத்த மாதத்துப் பதிவேட்டை எடுத்து விரித்தாள். கடைசி வரிக்குக் கீழே ரூலரை வைத்து அழுத்திப் பிடித்து, சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள்.