நடக்காத இரண்டு வருடங்கள்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. அரசனின் தலையை வெட்டிவிட்டு இங்கிலாந்தில் அமைத்த குடியரசு ஏன் பதினொரு வருடங்களில் கவிழ்ந்தது என்று ஒரு சிற்றிதழுக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம் சுமாராகப் போயிற்று. மூன்றாம் பக்கத்தில் கொலோன் நகரத்துச் சுபத்ரா வந்து உட்கார்ந்துகொண்டாள்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுபத்ரா கையை உயர்த்தி—

வேண்டாம். மழை எதற்கு? அன்று நல்ல வெயில்.

2

சுபத்ரா ஜெர்மன் பள்ளியொன்றில் வரலாறு படிப்பிக்கிறாள். கொலோன் தமிழ் மன்றத்துக்கு அவள்தான் செயலாளர். செல்வரட்ணம் பத்தொன்பது வருடமாகத் தலைவர். பொங்கல் விழாவில் யார் பேசுவது, தமிழ் வகுப்பை யார் எடுப்பது, எல்லாம் அவர் சொல்தான். எதிர்த்துப் பேசியவர்களுக்கு அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வராது.

அந்த வெயில் ஞாயிறு சுபத்ரா எழுந்து, "அண்ணை, நீங்கள் விலகவேணும். நாங்கள் வாக்கெடுப்பம்" என்றாள். எடுத்தார்கள். அவர் தோற்றார்.

அப்போது மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்தது. வாக்களித்து அவரை வீழ்த்தியவர்களின் தொண்டையிலிருந்தும் அது வந்தது. சுபத்ராவின் கை தன் கழுத்துக்குப் போனது. (1649 ஜனவரியில் சார்ல்ஸ் அரசனின் தலை விழுந்தபோதும் கூட்டம் இப்படித்தான் முனகியதாம். அங்கே நின்ற ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.)

ஐந்து வாரத்தில் செல்வரட்ணம் மாரடைப்பில் இறந்தார்.

3

பிறகு ஏழு பேர் கொண்ட குழு. பதினாறு மாதத்தில் இருபத்து மூன்று கூட்டங்கள். மன்றத்தின் சட்டதிட்டங்களுக்குப் புதிய யாப்பு ஒன்று எழுதவேண்டும் என்பதில் எல்லோரும் ஒற்றுமை. அதில் என்ன எழுதுவது என்பதில் இரண்டு பேருக்குக்கூட ஒற்றுமை இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு, செல்வரட்ணம் வழக்கமாக வரும் நேரத்தில், கதவு காற்றுக்கு அசைந்தாலும் ஏழு பேரும் பாதி எழுந்துவிடுவார்கள். சுபத்ராவும்தான்.

ஒருநாள், விழாக்களில் சனம் உட்காரக் கதிரை அடுக்கும் தொண்டர்களுக்குப் பொறுப்பான ஐங்கரன், தன் ஆட்களோடு உள்ளே வந்தான்.

"சுபத்ராக்கா, கதைச்சது காணும். எல்லாரும் வீட்டை போங்கோ."

போனார்கள். எட்டு மாதம் அவன்தான் தலைவர். விழாக்களில் சினிமாப் பாட்டுக்கு ஆடக்கூடாது என்றான். சனம் வராமல் விட்டது. கடைசியில் அவனுடைய தொண்டர்களும் வரவில்லை. (முதல் பிரதியில் அவனைச் சாகடித்து, அவனுக்கு ஒரு மகனையும் கொடுத்திருந்தேன். அது இங்கிலாந்தின் கதை. அடித்து நீக்கிவிட்டேன்.)

கட்டுரை இங்கே குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அரசனை அகற்றியவர்களுக்கு அவன் இடத்தில் எதை வைப்பதென்று உடன்பாடில்லை. எஞ்சியிருந்த பாராளுமன்றத்தைப் படை நம்பவில்லை, படையை நாடு நம்பவில்லை. படைத்தலைவர் கிரோம்வெல் வீரர்களோடு வந்து உறுப்பினர்களைத் துரத்தினார். அவர் இருந்தவரை ஆட்சி நின்றது. அவர் இறந்தபின் மகனால் படையைக் கட்டுக்குள் வைக்க முடியவில்லை. முடிவில் ஒரு தளபதியே, வெட்டுண்ட அரசனின் மகன் திரும்பி வர வழி திறந்துவிட்டார்.

வந்து தலைவராகும்படி செல்வரட்ணத்தின் மகன் பாரத்துக்கு ஃபோன் எடுத்தவனும் ஐங்கரன்தான்.

4

பாரத் மரியாதையான ஆள். சுபத்ராவிடம் தனியாகக் கதைத்தான்.

"எனக்கு ஆரோடையும் கோவமில்லை, அக்கா. மன்றத்துக் கூட்டக் குறிப்பு எழுதிற புரோட்டோகோல் புத்தகத்தை மட்டும் புதுசா எழுதித் தாங்கோ. அப்பாவுக்குப் பிறகு நான். இடையில ஒண்டும் நடக்கேல்லை."

"இரண்டு வருசம் நடந்தது, பாரத்."

"ஒண்டும் நடக்கேல்லை, அக்கா." அதே மரியாதையான குரல்.

இங்கிலாந்தில் திரும்பி வந்த அரசனின் முதல் சட்டங்களில் 'ஆட்சியின் பன்னிரண்டாம் வருடம்' என்று போட்டார்கள். தகப்பன் இறந்த நாளிலிருந்தே மகன் ஆண்டதாகக் கணக்கு. சுபத்ரா இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள்.

5

அவள் ஐங்கரன் வீட்டுக்குப் போனாள்.

"உம்மட எட்டு மாசத்தையும் வெட்டச் சொல்லுறார் பாரத்."

"எந்த எட்டு மாசம், அக்கா?"

"நீர் தலைவரா இருந்தது."

"நானோ? நான் கதிரை அடுக்கிறவன் எல்லோ."

அவன் சிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தாள். இருபத்து மூன்று கூட்டங்களும் இருந்தன. கையெழுத்து அவளுடையதுதான். விரலால் தடவிப் பார்த்தாள்.

6

முடிவு ஒன்று: பாரத் கேட்டபடி சுபத்ரா எழுதிக் கொடுக்கிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் பேனாவை எடுக்க மறுத்துவிட்டாள்.

முடிவு இரண்டு: அவள் கூட்டத்தில் எழுந்து குறிப்புகளை உரக்க வாசிக்க, ஒவ்வொருவராகத் தலைகுனிந்து— எனக்கே கூசியது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு எழுத்தையும் திருத்தாமல் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு மண்டபத்துக்குப் போனாள். மேசையில், வேறு யாரோ எழுதிய புதுப் புத்தகம் ஒன்று இருந்தது. குழுவில் பதினாறு மாதமும் அவள் பக்கத்தில் இருந்த குணேஸ்வரி அக்கா, கையில் தேத்தண்ணியோடு வந்தா. முகத்தில் கள்ளமில்லை, நல்ல சிரிப்பு.

"வாங்கோ தங்கச்சி. மன்றத்துக்குப் புதுசோ? பேர் என்ன?"

சுபத்ராவின் பதிலை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். நான் இதை முடிக்கப்போவதில்லை. குணேஸ்வரி அக்கா காத்துக்கொண்டு நிற்கிறா. அந்த இரண்டு வருடமும் இருக்கும் மூன்றாம் பகுதியை வாசித்தவர் நீங்கள்; என் மேசையில் இருக்கும் பிரதியில் இரண்டுக்குப் பிறகு நான்கு வருகிறது. பதிலை நீங்களே சொல்லுங்கள்.