லொயிக்கின் நீல மேல்சட்டை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பிரான்சில், சேன்-நசேரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் மரிவோனுடைய கோபம் இது. ஜூலையில் லியோனுக்கு விடுமுறைக்குப் போய்த் திரும்பியவள், பெட்டியைக்கூட மேலே ஏற்றாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கொட்டித் தீர்த்தாள்.

"எழுதுறவதானே நீ? எழுது. உன் பாஷையிலயே எழுது. அங்கயாவது நாலு பேருக்குத் தெரியட்டும்."

எழுத உட்கார்ந்தேன்.

சோன் நதியில் அன்று மதியம் வெயில் வெள்ளித் தகடுபோல

(வேண்டாம். ஒரு மனிதனை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நதியை வர்ணிக்க இதுவா நேரம்?)

2

மரிவோன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். அவள் கணவன் லொயிக் முப்பத்தெட்டு வருஷம் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்து, இந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றான். அதைக் கொண்டாடத்தான் லியோனில் நான்கு நாள். ஆற்றங்கரையில் பெயர்பெற்ற ஓர் உணவகத்தில் ஞாயிறு மதியத்துக்கு இரண்டு மாதம் முன்பே மேசை பிடித்து வைத்திருந்தாள் மரிவோன்.

அவள் பச்சை கவுனும் முத்துத் தோடும் குதிகால் செருப்பும் போட்டிருந்தாள். லொயிக் வெள்ளைச் சட்டை, மெருகேற்றிய காலணி, மேலே தன் நீல மேல்சட்டை.

(ஜாக்கெட் என்று எழுதினால் நம் ஊரில் வேறு உடுப்பு கண்முன் வந்து நிற்கும். ஆகவே மேல்சட்டை. இங்கே தொழிலாளிகள் போடும் தடித்த நீலப் பருத்தி, மூன்று பைகள்.)

வெளுத்து, தேய்த்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. சட்டைக் கையில் தீப்பொறி பட்ட ஓட்டைகளை மரிவோனே நீல நூலால் அடைத்திருந்தாள்.

வாசலில் இருந்த வரவேற்பாளர் புத்தகத்தில் பெயரைக் கண்டுபிடித்தார். பிறகு லொயிக்கைப் பார்த்தார்.

"மன்னிக்கணும் ஐயா. வேலை உடுப்போட உள்ள விடறதில்ல."

"வேலைக்கு வரல, சாப்பிட வந்திருக்கேன்," என்றான் லொயிக்.

3

இனி வருவதை எந்தப் பத்திரிகையில் கொடுத்தாலும் 'நம்பும்படி இல்லை' என்று அடித்துவிடுவார்கள். நடந்ததற்கு நான் என்ன செய்ய?

ஜன்னலோர மேசையில் முப்பது வயதுக்காரன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அதே நீல மேல்சட்டை. அதே மூன்று பைகள்.

"அப்போ அவரு?" என்றாள் மரிவோன்.

"அது வேற, மேடம்."

"என்ன வேற?"

"அது... டிசைனர் உடுப்பு."

"இதுல நான் தையல் போட்டிருக்கேன். போதாதா?"

அவர் தடுப்பதற்குள் அவள் விறுவிறுவென்று உள்ளே நடந்து அந்த மேசையருகே போய் நின்றுவிட்டாள்.

"தம்பி, கோச்சுக்காத. சட்டைக் கையைக் கொஞ்சம் காட்டு."

அவன் முள்கரண்டியை வைத்துவிட்டுக் காட்டினான். அதிலும் ஓட்டை இருந்தது. அடைத்த தையலும் இருந்தது.

"இது எங்க கிழிஞ்சுது?"

"எங்கயும் கிழியலங்க. கடையிலயே இப்படித்தான் வரும்."

மரிவோன் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "கேட்டியா லொயிக்! இவங்க ஓட்டை போட்டே விக்கிறாங்களாம்! நீ என்னடான்னா உடம்பைச் சுட்டுக்கிட்டு ஓட்டை போட்டிருக்க!"

அந்தப் பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான். "ஐயா, நீங்க இதைப் போட்டுக்கங்க." அதற்குள் வரவேற்பாளர் இப்படி வருகிறவர்களுக்கென்று அலமாரியில் வைத்திருக்கும் கறுப்பு இரவல் கோட்டு ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

4

முதல் பிரதியில், லொயிக் பையனுடைய மேல்சட்டையைப் போட்டுக்கொள்ள, உணவகமே எழுந்து கைதட்டியது. கிழித்தேன். ஒருவரும் கையிலிருந்த கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

இரண்டாவதில், வரவேற்பாளர் மன்னிப்புக் கேட்டார். அதைப் படித்துக் காட்டியபோது மரிவோனே சிரித்துவிட்டாள்.

நடந்தது இதுதான். லொயிக் பையனைப் பார்த்து வேண்டாமென்று கையசைத்துவிட்டு, கறுப்புக் கோட்டை வாங்கினான். கழுத்துப்பட்டையைப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். "யாரோ வேர்த்த கோட்டு. வா மரி, பசிக்குது."

இரண்டு தெரு தள்ளி, மேசையில் காகிதம் விரித்த சின்னக் கடை. அங்கே இருந்த பெண் கேட்டதெல்லாம் "ஒயின் சிவப்பா, வெள்ளையா?" மட்டும்தான். தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும் வந்தன. லொயிக் சாப்பிட்டான். மரிவோன் அந்த வரவேற்பாளரின் வம்சத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

5

இந்த இடத்தில்தான் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. வாரங்கள் கழிந்தும் அவள் கோபம் ஆறவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் மேல் இத்தனை நாள் நிற்குமா கோபம்? அவளிடமே கேட்டேன்.

"அன்னிக்குக் காலைல ஓட்டல் ரூம்ல நானும் அவன்கிட்ட கேட்டேன். 'இதையா போட்டுட்டு வர்ற? சாம்பல் கோட்டு என்னாச்சு?'ன்னு. 'அதைப் போட்டுத்தான் மூணு சிநேகிதங்களைப் புதைச்சேன், அதோட விருந்துக்கு வரமாட்டேன்'னான். சரின்னுட்டேன். ஆனா ரோட்டுல அவனோட சேர்ந்து போகாம ரெண்டடி முன்னாடியே நடந்தேன். தெரிஞ்சேதான் நடந்தேன்."

(இந்த வரிகளைக் கதையின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்ல?)

காகிதம் விரித்த அந்த மேசையில் அவள் கேட்டிருக்கிறாள்: "வாசல்ல அவன் சொன்னதுக்கும் காலைல நான் சொன்னதுக்கும் என்ன வித்தியாசம், லொயிக்?"

அவன் முள்கரண்டியை வைத்துவிட்டுப் பதில் சொன்னான். அந்தப் பதிலை மரிவோன் எனக்குச் சொன்னாள். நான்கு வரியில் எழுதினேன். அடித்துவிட்டேன்.

தரமாட்டேன். தந்தால், அந்த வரவேற்பாளரை என்னோடு சேர்ந்து திட்டிவிட்டு நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கல்யாணத்துக்கோ ஓட்டலுக்கோ கிளம்பும்போது நீங்கள் தலையிலிருந்து கால்வரை பார்த்து, உதட்டைச் சுழித்து, உள்ளே போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்ன ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். எங்கள் வீட்டில் இருக்கிறார். மரிவோன் கேட்ட அதே கேள்வியை நான் அவரிடம் கேட்டுவிட்டேன். நீங்களும் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

லொயிக் சொன்னான்: "