ஐயோ என்று ஒரு கட்டளை

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்கு உண்டு. எறும்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமாக எனக்கு வயிறு எரிகிறது.

எறும்பு என்பது நாங்கள் வைத்த பெயர். ஆள் பொடி, ஓரிடத்தில் நிற்கமாட்டாள். எங்கள் நிறுவனம் செய்வது கோப்புகளின் பழைய நிலைகளைப் பத்திரப்படுத்தும் மென்பொருள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். எழுதியது பிடிக்கவில்லையா, நேற்றைக்கே திரும்பிப் போய்விடலாம். அப்படிப் போவதற்கான கட்டளைகளை எட்டு வருடத்துக்கு முன் அமைத்தவன் நான். 'திருப்பு' என் தலைப்பிள்ளை. அதன் பின்னால் ஒரு கோடு போட்டால் பழையதைக் காட்டும். இரண்டு கோடு போட்டால் இன்று செய்ததையெல்லாம் தூக்கி எறியும். இரண்டு கோடும் ஒரு புள்ளியும் போட்டால் கடைசி மாற்றத்தைத் தடயமில்லாமல் துடைக்கும். மூன்று கோடு போட்டால் கோப்புறையையே வரலாற்றோடு அழிக்கும். ஒரே சொல், நான்கு வேலை. இதைவிடச் சிக்கனமாக எவன் செய்வான்?

"சிக்கனமெல்லாம் சரி, வாத்தியாருக்கும் வக்கீலுக்கும் புரியணுமே," என்றார் மேலாளர். அதற்காகத்தான் எறும்பைக் கொண்டுவந்தார். என் கட்டளைகள் நிற்குமா, அவளுடையவை வருமா என்று வெள்ளிக்கிழமை நான்கு மணிக் கூட்டத்தில் முடிவு.

முதல் வாரம் முழுக்க அவள் ஒரு வரி நிரல் எழுதவில்லை. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணாடி அறையில் வெளியாட்கள் பத்துப் பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லித்தர மாட்டேன், உங்களுக்குத் தோணுறதைத் தட்டுங்க," என்பாள். அவர்கள் தட்டுவதையும் முணுமுணுப்பதையும் எழுதிக்கொள்வாள். அப்படிப் பிறந்தவைதான் 'பார்', 'எறி', 'சேர்' எல்லாம். அத்தோடு 'ஐயோ'. எந்தக் கட்டளை ஓடினாலும், எந்த வரி மாறினாலும், அதற்கு முந்தைய நிலையின் நகலை மென்பொருள் ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். 'ஐயோ' என்று தட்டினால் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

"இது மென்பொருளா, இழவு வீடா?" என்றேன் எல்லோர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"தப்பு நடந்தா வாயில அதுதான் சார் வருது. பத்து பேர்ல ஒருத்தர்கூட 'திருப்பு'ன்னு கத்தல."

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சலே. இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை?

அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி என் மனைவி. பாடப்புத்தகங்களைத் திருத்துகிறவள். கல்யாணமான புதிதில் அவளுக்கு நானே 'திருப்பு' சொல்லிக்கொடுத்தேன். ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு போட்டுவிட்டாள். ஒரு நாள் வேலை முழுக்கப் போனது. "பழகிட்டா வந்துடும்," என்றேன். அதோடு என் மென்பொருளைத் தொட்டதில்லை. 'கடைசி', 'கடைசி2', 'உண்மையான கடைசி', 'இனி தொடாதே' என்று கோப்புகளாகச் சேர்த்துவைத்து, அதிலும் தவறானதை அழித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொள்வாள்.

மூன்றாம் வாரம் புதிய கட்டளைகளை முயன்றுபார்க்க அதே பத்துப் பேரும் வந்தபோது, அவள் கண்ணாடி அறையிலிருந்து கால் மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "ஏங்க, இவ்வளவுதானா? எனக்கே வந்துடுச்சுங்க!" என்றாள். எட்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் எறும்பின் தோளில் கைபோட்டபடி நின்றாள். வெந்த புண்ணில் வேல் என்பது இதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. எறும்பின் குறிப்புகள் பொதுக் கோப்புறையில் இருந்தன. ஓட்டை ஏதாவது அகப்படுமா என்று திறந்தேன். நேரே முடிவுப் பட்டியலுக்குப் போனேன். 'உதவியில்லாமல் முடித்தவர்கள்: பத்தில் ஒன்பது.' ஒன்பதை ஆறாக்கினேன். ஓர் எண்தான். சேமித்தேன்.

பிறகுதான் உறைத்தது. எங்கள் மென்பொருளில் எங்கள் கோப்பு. அந்த வரிக்கு எதிரே என் பெயரும் நேரமும் உட்கார்ந்திருக்கும். தடயத்தைத் துடைக்க என் தலைப்பிள்ளைதான் கதி. இரண்டு கோடும் புள்ளியுமா, இல்லை புள்ளியில்லாத மூன்று கோடா? படிக்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. மூன்று கோடு போட்டேன்.

கோப்புறை காலியாகிவிட்டது. மூன்று வார வேலை, பத்துப் பேரின் குறிப்புகள், வரலாறு எல்லாம் போயின. அமைத்தவன் நானே, தவறிப் போட்டவனும் நானே.

"ஐயோ!" என்று வாய்விட்டுக் கத்தினேன்.

அந்த வாரம் எல்லோர் கணினியிலும் அவளுடைய சோதனைப் பதிப்புதான் ஓடியது, என் பழைய கட்டளைகளும் அதில் இருந்தன. விரல் தானாகவே அந்தச் சொல்லைத் தட்டியது. எல்லாம் வந்தது, நான் போட்ட ஆறும் வந்தது. இன்னொரு முறை தட்டினேன், ஆறு ஒன்பதாயிற்று. ஆனால் அவளுடைய 'ஐயோ' எதையும் மறைக்காது. மாற்றியது, அழித்தது, இரண்டு முறை ஐயோ என்றது, நான்குக்கும் எதிரே என் பெயர் நின்றது.

ஏதாவது விட்டுப்போயிற்றா என்று முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான்காவது ஆள், பாடப்புத்தகத் திருத்துநர். அவள் சொன்னதை எறும்பு அப்படியே எழுதியிருந்தாள்: 'எட்டு வருஷமா வீட்ல ஐயோ ஐயோன்னு கத்திட்டுதான் இருக்கேன். பக்கத்துலயே ஒருத்தர் உக்காந்திருக்கார். அவர் காதுல விழுந்ததே இல்ல.' கீழே எறும்பு ஒரு கோடு கிழித்து, 'இதையே கட்டளையாக்கலாமா?' என்று கேட்டிருந்தாள்.

நான்கு மணிக்குக் கூட்டம் கூடியது. எறும்பு பட்டியலை வாசித்தாள். "பத்துல ஒன்பது," என்றபோது என்னை ஒரு கணம் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் மேலாளர் என்னிடம்.

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தேன். "பதினொண்ணுல பத்துன்னு போட்டுக்கோங்க. பதினோராவது ஆள் நான். மதியம் இவங்க குறிப்புல கைவெச்சேன். மறைக்கப் போய் என் கட்டளையையே தப்பாப் போட்டு எல்லாத்தையும் அழிச்சேன். 'ஐயோ'தான் மீட்டுக் குடுத்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "உங்க விஷயத்தைத் திங்கக்கிழமை தனியாப் பேசுவோம்," என்றார். 'ஐயோ' நின்றது, 'திருப்பு' போயிற்று. பொறாமையும் போயிற்றா என்றால், இல்லை. எறும்பு பையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதுகூடச் சுருக்கென்றது.

வீட்டில் மனைவி மடிக்கணினியோடு இருந்தாள். "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். ஒன்றையும் விடாமல் சொன்னேன். கத்தியதையும் சொன்னேன். குறிப்பில் அவள் வார்த்தையைப் படித்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

கேட்டு முடித்தவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு தடவை கத்தினதுக்கே கேட்டுடுச்சா?" என்றாள். "குடுத்து வெச்சவருங்க நீங்க."