இரண்டாம் பாகத்தில் எதுவும் எரியாது

1

இந்தக் கதை பிறந்தது என் ஜட்டியால். இதைவிடக் கௌரவமான தொடக்கம் ஒன்றை நான்கு நாள் தேடிப் பார்த்தேன். எழுதி அடித்தவற்றில் சில:

‘சுபீரியர் ஏரியின்மீது ஜூலை வெயில்’ [ஏரியைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. அது குளிர்ந்த தண்ணீர். போதும்.]

‘நட்பு என்பது’ [வேண்டாம்.]

‘2000ஆம் வருடக் கோடையில், பதினெட்டு வயதில், மூன்று பேர் அம்மணமாக ஒரே ஓர் அலுமினியப் படகுக்குப் பின்னால் நின்றார்கள்.’

இது சரி. நடந்ததும் இதுதான். அந்த மூவரில் கிப் என்று வருபவன் நான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன், மற்றபடி அவனுக்குச் சலுகை எதுவும் கிடையாது. கதையை ரோலியின் பக்கத்திலிருந்து சொல்லப்போகிறேன். கிப்பின் பக்கத்திலிருந்து இதை ஊர் ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்டுவிட்டது. சொன்னவனும் கிப்தான்.

2

முதல் பாகம் தெரியாதவர்களுக்காக.

ஏரிக்கரையில் ரோலி மத்திலாவின் அப்பா கட்டிய சவுனா ஒன்று இருந்தது. மரத்தால் ஆன சின்ன அறை, விறகடுப்பு, அதன்மேல் கற்கள். கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும், அதில் வேர்த்துவிட்டு ஏரியில் போய் விழ வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் முதலில் போவார்கள், பிறகு ஆண்கள். உள்ளே யாரும் ஒட்டுத்துணி போடுவதில்லை. சர்ச்சில் தொப்பியைக் கழற்றுவது மாதிரிதான்.

அன்று எங்கள் கூட்டாளி ஜேனல் அஹோ குளித்து முடித்து, உடை மாற்றிக்கொண்டு, படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்ப்பாளே என்று கிப் தன் புது ஜட்டியோடு ஏரிக்கு ஓடினான். மிளகாய்ப் படம் போட்டது, நகரத்தில் வாங்கியது. அவள் அதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அவனுக்கு இருந்தது. திரும்பி வந்து, நனைந்த ஜட்டியை உலரட்டும் என்று அடுப்புக் கற்களின்மேல் விரித்தான். பிறகு மூன்று பேரும், கிப், ரோலி, டாட், அவள் கண்ணில் படாத பக்கமாக இன்னொரு முழுக்குப் போட ஓடினார்கள்.

திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் சிவந்திருந்தது. மூவரின் துணியும் உள்ளே.

எங்கள் ஊரில் தீயணைப்புப் படை என்றால் தெரிந்தவர்கள்தான். தலைவி ரோலியின் அத்தை எல்மா. தண்ணீர் லாரியை ஓட்டி வந்தது கிப்பின் அம்மா. மூன்று பேரும் கிடைத்த ஒரே படகைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டார்கள்.

“டேய், படகை நகத்துங்கடா, பைப்ப இழுக்கணும்” என்றாள் எல்மா.

“முடியாது அத்தை” என்றான் ரோலி.

“சவுனா எரியுது, இவனுக்கு வெக்கம் கேக்குது. கிப்போட அம்மாவே இங்க நிக்கிறா, அவ பாக்காததா?”

“அவங்க என்னுதைத்தான் பாத்திருக்காங்க, இவனுங்களோடதை இல்ல” என்றான் கிப்.

படகுத்துறையிலிருந்து ஜேனல் சொன்னாள்: “சின்னப் படகுதான் அத்தை. ஆனா மறைக்க வேண்டியதுக்கு அது தாராளம்.”

ஊர் ஒரு வருடம் சிரித்தது. கிப் இந்தக் கதையைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துப்போய் அங்கேயும் சிரிக்க வைத்தான். நான் ஒவ்வொரு தடவையும் சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு: சாயங்காலம் ரோலியின் அப்பா வந்து சாம்பலைப் பார்த்தார். காலால் ஒரு கல்லைப் புரட்டினார். வீட்டுக்குள் போய்விட்டார். கதையில் அதற்கு இடமில்லை என்று நினைத்தேன். சிரிப்பு கெட்டுவிடும்.

3

அந்த இலையுதிர் காலத்தில் கிப், டாட், ஜேனல் மூன்று பேரும் படிக்கப் போனார்கள். ரோலி போகவில்லை. மர அறுப்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். பனி கரையத் தொடங்கியதும் ஏரிக்கரையில் ஒற்றை ஆளாகக் கட்ட ஆரம்பித்தான். ஆலையில் ஒதுக்கிய சிடார் மரப் பலகைகளில் முடிச்சு இல்லாததாகப் பொறுக்கினான். அடுப்பைத் தானே வெல்டிங் செய்தான். மேல் பலகையின் விளிம்பை, தொடையில் சிராய் ஏறாதபடி, கையால் தடவித் தடவி இழைத்தான்.

இந்த இடத்தில் அவன் என்ன நினைத்தான் என்று ஒரு முழுப் பத்தி எழுதினேன். தனிமை, தந்தை, எரிந்துபோன பால்யம் எல்லாம் அதில் இருந்தன. படிக்கப் பொய்யாக இருந்தது. அவனிடமே கேட்டேன்.

“பலகை நேரா வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்டா. வேற என்ன?”

[அந்தப் பத்தி இப்போது இல்லை.]

ஒன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.*

* மத்திலா வீட்டு வழக்கம்: புது சவுனாவில் முதல் சூட்டுக்குக் கட்டியவன் உள்ளே போகக் கூடாது. விருந்தாளிகள் போவார்கள், அவன் வெளியே விறகுக்கட்டைமேல் உட்கார்ந்திருப்பான். வேண்டுமென்றே பாதி வாளித் தண்ணீர்தான் கொடுப்பான். அது தீர்ந்ததும் இன்னும் வேண்டும் என்றால் உள்ளிருந்து சுவரைத் தட்டுவார்கள். தட்டினால் அறை தேறியது. தட்டாமல் வெளியே வந்தால், எவ்வளவு புகழ்ந்து பேசினாலும், தேறவில்லை.

ஆகவே மே மாதத்திலேயே கூரை போட்டு முடித்த ரோலி, ஜூலைவரை அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. அப்பாவைக்கூட உள்ளே விடவில்லை. அந்த மூன்று பேர் வர வேண்டும் என்று காத்திருந்தான். முக்கியமாக அந்த ஒருவன்.

4

கிப் வீடியோ கேமராவோடு வந்து இறங்கினான்.

“செகண்ட் பார்ட் எடுக்கிறோம்டா” என்றான், வணக்கம்கூடச் சொல்லாமல். “அதே ஆளுங்க, அதே ஏரி. இந்தத் தடவை பெரிய படகு.”

“உனக்கா? எதுக்கு வீண் செலவு?” என்றாள் ஜேனல்.

டாட் சவுனாவைச் சுற்றி ஒரு நடை நடந்தான். மூலையில் பலகை பொருந்தியிருந்த இடத்தில் நகத்தை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை. ரோலியைப் பார்த்தான். ரோலி ஏரியைப் பார்த்தான்.

“கேமரா வெளியே” என்றான் ரோலி.

“டேய், உள்ளதாண்டா மேட்டரே. கல்லு மேல ஒரு ஜட்டியைப் போடறோம், குளோஸப். புதுசு ஒண்ணு வாங்கிட்டே வந்துட்டேன்.”

“கிப். வெளியே.”

“போன வருஷம் சிரிச்சல்ல நீயும்?”

“சிரிச்சேன்” என்றான் ரோலி. [இங்கே அவன் ஒரு நல்ல வசனம் பேச வேண்டும் என்று மூன்று வசனம் எழுதினேன். அவன் எதையும் பேச மறுக்கிறான்.]

முறைப்படி ஜேனல் முதலில் போனாள், தனியாக. அவள் சுவரை இரண்டு தடவை தட்டினாள், இரண்டு வாளி போயிற்று. முகம் சிவந்து, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, கிப்பின் கையிலிருந்து கேமராவை வாங்கிப் புல்லில் வைத்தாள்.

“இத உள்ள எடுத்துட்டுப் போனேன்னா, ஏரியில போடுவேன். உன்னையும் சேத்து.”

ரோலிக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஜேனல் நல்லவள், கட்டியது ஒரு கோழிக்கூண்டாக இருந்தாலும் தட்டியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். கிப் அப்படியில்லை. பிடிக்காத இடத்தில் இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாதவன். பழையதை எரித்தவனும் அவன்தான்.

கிப்பும் டாட்டும் துணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பாதி வாளி. கதவு மூடியது.

5

இப்போது எனக்குச் சிக்கல். இரண்டாம் பாகம் என்றால் எல்லாம் பெரிதாக வேண்டும் என்பது ரசிகர்களின் நியாயமான எதிர்பார்ப்பு. ஆகவே அப்படி ஒரு முடிவு எழுதினேன். கிப் அந்தப் புது ஜட்டியை உள்ளே கடத்திப் போகிறான். மறுபடி தீ. இந்தத் தடவை கரையில் சர்ச் பெண்களின் மதிய விருந்து, நாற்பது பேர், மறைக்க ஓர் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம். நன்றாகவே வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு கிழித்துப் போட்டேன். நகம் நுழையாத அந்த மூலைகளை நான் பார்த்திருக்கிறேன். காகிதத்தில்கூட அதை இன்னொரு தடவை எரிக்க முடியாது. இது பெருமை. மறைக்கப்போவதில்லை. நான் செய்தது எதையும் பற்றிய பெருமை இல்லை, அவன் செய்ததைப் பற்றியது. இதைச் சொல்லத்தான் ஜட்டியிலிருந்து இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்தேன்.

நடந்தது இது. ரோலி கட்டைமேல் உட்கார்ந்திருந்தான். கல்லில் தண்ணீர் விழும் சீறல் சுவர் வழியாகக் கேட்டது. ஒன்று. இரண்டு. கிப் ஏதாவது உளறுவான் என்று காத்திருந்தான். உளறவில்லை. மூன்று, நான்கு. பிறகு கரண்டி வாளியின் அடியில் உரசியது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஜேனல் தலை துவட்டுவதை நிறுத்தினாள். ரோலி தன் உள்ளங்கையில் பழைய சிராய் ஒன்றைப் பிடுங்க முயன்றுகொண்டிருந்தான், அது அங்கே இல்லை.

சுவர் தட்டப்பட்டது. ஒரே தட்டு, பலமாக.

தட்டியது டாட் என்று எழுதினால் கதை இன்னும் கொஞ்சம் இழுக்கும். ஆனால் டாட் கீழ்ப் பலகையில் படுத்திருந்தான். தட்டியவன் நான்.

ரோலி எழுந்து ஏரியில் வாளியை முக்கினான், முழுதாக. நடந்து வந்து கதவைத் திறந்தான். இந்த இடத்தில் கிப் ஏதாவது செய்தாக வேண்டும்.

‘கிப் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ரோலி, போன வருஷம் நான்’ [முடிக்க வரவில்லை. அன்றும் வரவில்லை.]

‘“கொஞ்சம் சூடு கம்மிடா” என்று கிப் கண்ணடித்தான்.’ [அவன் இப்படிச் சொல்லக்கூடியவன். அதனால்தான் அடிக்கிறேன்.]

‘கிப் மேல் பலகையில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு நகர்ந்தான்.’ [அழகாக இருக்கிறது. எனக்கு இவ்வளவு அழகு வராது.]

இனி உங்கள் பாடு. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லை உங்கள் நண்பனிடம் நீங்கள் சொல்லாமல் வைத்திருப்பது எதுவோ அதை இங்கே போடுங்கள். யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்ல ஆசைதான். ஆனால் ரோலி முழு வாளியோடு வாசலில் நிற்கிறான், கதவு திறந்திருக்கிறது, சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

சீக்கிரம் சொல்லுங்கள்.