கல்லும் அம்மனும் சேர்ந்த பெயர்

தடால் என்று வாசலில் ஏதோ விழுந்தது. தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிட்டது. உத்தமன் ஓடிப்போய்ப் பார்த்தான். ஆட்டோவிலிருந்து அவன் அக்கா பூங்காவனம் இறங்கிக்கொண்டிருந்தாள். அவள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்கள் அவளுக்கு முன்பே இறங்கி, குவார்ட்டர்ஸ் முழுக்க அறிவித்துவிட்டன.

“இன்னாடா, பேரு முடிவாச்சா?” என்றாள்.

அதுதான் ஆகவில்லை. முதல் பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பெயர்தான் என்று உத்தமனின் அம்மா வேம்புலியம்மாள் நின்றாள். மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டவள் நான், என் பெயர்தான் என்று அவன் மனைவி வனஜாவின் அம்மா பார்வதம் நின்றாள். தோற்றவள் பெட்டியைக் கட்டிவிடுவாள் என்பது இருவர் முகத்திலும் எழுதியிருந்தது.

வனஜா ஆவடி தொழிற்சாலையில் கிளார்க். திங்கட்கிழமை பிரசவ லீவு முடிகிறது. பார்வதத்துக்குத் திருச்சியில் புருஷன். வேம்புலியம்மாளுக்கு நூம்பலில் இரண்டு கறவை மாடு. இரண்டையும் மாதக்கணக்கில் விட்டுவைக்க முடியாது. சம்பந்திகள் வாரத்துக்கு ஒருத்தியாக முறை வைத்துப் பார்த்தால்தான் வனஜா வேலைக்குப் போகலாம். ஒருத்தி கோபித்துக்கொண்டாலும் வேலை போச்சு.

உத்தமனுக்கு வழி காட்டியவர் ஓர் இத்தாலிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த பட்டறைக்குப் புது மெஷின் பூட்ட வந்தவர். மனைவியின் போட்டோவைக் காட்டி, பெயர் பியராஞ்ஜெலா என்றார். அவர்கள் ஊரிலும் பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் இதே சண்டைதானாம். அப்பாவைப் பெற்ற பியெத்ரோவும் அம்மாவைப் பெற்ற ஆஞ்ஜெலாவும் விட்டுக்கொடுக்காததால், இரண்டு பெயரையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார்களாம். பியெத்ரோ என்றால் கல். ஆஞ்ஜெலா என்றால் வானத்திலிருந்து சேதி கொண்டுவருகிற தேவதை. பாதி இங்கிலீஷிலும் மீதி கைஜாடையிலும் அவர் விளக்கி முடிப்பதற்குள் உத்தமனின் டீ ஆறிவிட்டது.

பார்வதம் என்றால் மலை. மலை என்றால் கல்தானே? வேம்புலி அம்மன் பெயர். தேவதைக்கு அதைவிட என்ன வேண்டும்?

பெயர் வைக்கும் விருந்துக்கு ஆட்கள் வருவதற்குள் சம்பந்திகள் இருவரையும் உட்காரவைத்து, இரண்டு பெயரையும் சேர்த்துப் ‘பார்வதவேம்புலி’ என்று வைத்துவிடலாம் என்றான். ரேஷன் கார்டு எழுதுகிறவன் அழப்போகிறான் என்றாள் வனஜா. வேம்புலியம்மாளுக்கு வேறு சந்தேகம்.

“சம்பந்தி பேரு மொதல்ல வருது. என்து பின்னாடி கீதே?”

“கோயில்ல பீடம் கீழ கீது, அம்மன் அதும்மேல கீது. அதுல இன்னாம்மா கொறச்சல்?” என்றான் உத்தமன்.

வேம்புலியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பார்வதம் விடுவாளா?

“பீடம் ஆடினா அம்மன் கதி என்னன்னு கேட்டுக்கோங்க மாப்பிள்ளை,” என்றாள். ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வது அத்தையின் உரிமை. அத்தை வாயிலிருந்து வந்ததுதான் பெயர். அப்புறம் யாரும் மாற்றக்கூடாது. உத்தமன் பூங்காவனத்தைச் சமையலறைக்கு அழைத்துப் போய்ப் பத்து முறை சொல்லிக்கொடுத்தான். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். பிறகு குழந்தையை மடியில் போட்டு, முந்தானையால் மறைத்து, காதோடு காதாக மூன்று முறை சொன்னாள். குழந்தை கொட்டாவி விட்டது. எல்லோரும் அட்சதை போட்டார்கள்.

பாயசம் பரிமாறும்போதே முதல் வாரம் தனக்கு என்று பார்வதம் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் தான் என்று வேம்புலியம்மாள் காலண்டரில் விரல் வைத்தாள். பேத்திக்குத் தன் பெயர்தான் வைத்திருக்கிறது என்று எதிர்வீட்டில் இருவரும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தார்கள். வனஜா திங்கட்கிழமைக்கு உடுத்தப் புடவையை இஸ்திரி போடக் கொடுத்தாள்.

சாயங்காலம் பூங்காவனத்தை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனான் உத்தமன். அத்தனை கஷ்டமான பெயரை மூன்று தடவையும் தடுக்காமல் எப்படிச் சொன்னாய் என்று கேட்டான்.

பூங்காவனம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் பக்கம் குனிந்தாள்.

“அது வாய்ல நொழைல நைனா, மூணு தபாவும் பூங்காவனம்னுதான் சொன்னேன்; ஊட்ல யாராண்டயும் மூச்சு உடாத.”